டெக் புராணம்

காப்பு

எந்தப் புராணத்தையும் பிள்ளையாரைக் கும்பிட்டுத்தான் தொடங்க வேண்டும். இந்தப் புராணத்துக்கு அவரோடு மின்சாரத்தையும் சேர்த்துக் கும்பிட வேண்டியிருக்கிறது. ஏன் என்பது கடிகாரப் படலத்தில் விளங்கும்.

எண்பதுகளின் நடுவில் கும்பகோணத்தில் எங்கள் தெருவில் இரண்டே இரண்டு டெக், அதாவது வீடியோ ரெக்கார்டர், இருந்தன. ஒன்று எங்கள் வீட்டில். மஸ்கட்டிலிருந்து மாமா கொண்டுவந்த வி.எச்.எஸ். இன்னொன்று எதிர்வீட்டுக் கணக்கு வாத்தியார் வீட்டில். அவர் மச்சான் சிங்கப்பூரிலிருந்து மடியில் வைத்துச் சுமந்து வந்த பீட்டாமேக்ஸ். எங்கள் கேசட் அந்த வாயில் நுழையாது. அவர் கேசட் எங்கள் வாயில் நுழையும், ஆனால் சின்னப் பிள்ளை அப்பா சட்டையைப் போட்டுக்கொண்டது போல லொடலொடவென்று ஆடும்.

"படத்தைப் பாருங்க தம்பி, கண்ணாடி மாதிரி இருக்கு" என்பார் வாத்தியார்.

"கண்ணாடி சரி சார், அதுல என்ன படம் ஓடுது?" என்பார் மாமா.

அங்கேதான் வாத்தியார் மௌனமாவார். அவரிடம் இருந்தது மொத்தம் ஆறு கேசட். கடைத்தெருவில் வாடகைக்குக் கிடைத்ததெல்லாம் எங்கள் கட்சிக் கேசட். திண்ணையில் நடந்த இந்தச் சண்டை, டோக்கியோவில் கிளம்பி லாஸ் ஏஞ்சலீஸ் கோர்ட்டு வழியாக வாஷிங்டன் வரைக்கும் போய்வந்த ஒரு மகாயுத்தத்தின் கடைசிக் கிளை என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இன்னும் கொஞ்சம் சத்தமாகவே போட்டிருப்போம்.

ஆதிப் படலம்

ஆதியில் டெலிவிஷன் இருந்தது, பதிவு இல்லை. போனது போனதுதான். அமெரிக்காவில் கிழக்குக் கரைக்கும் மேற்குக் கரைக்கும் 3 மணி நேர வித்தியாசம். நியூயார்க்கில் சாப்பிட்டு முடித்தவன் பார்க்கும் நிகழ்ச்சியை லாஸ் ஏஞ்சலீஸ்காரன் ஆபீசிலிருந்து கிளம்புமுன் காட்டினால் யார் பார்ப்பது? அதற்கு ஒரு வழி செய்தார்கள். டி.வி. திரைக்கு முன்னால் ஒரு சினிமா காமிராவை நிறுத்தி, ஓடுவதை அப்படியே படம் பிடித்து, அவசர அவசரமாகக் கழுவி, மேற்கே ஒளிபரப்பினார்கள். கினெஸ்கோப் என்று அதற்குப் பெயர். குட்டையில் தெரியும் நிலாவைப் போட்டோ எடுத்து, இதுதான் நிலா என்று விற்கிற வியாபாரம்.

ரேடியோவிலும் இதே தொல்லைதான். பிங் கிராஸ்பி என்ற பெரிய பாடகர், கிழக்கே ஒரு தடவை மேற்கே ஒரு தடவை என்று ஒரே பாட்டை ஒரே இரவில் இருமுறை பாடி அலுத்தவர். அவருக்குக் கோல்ஃப் ஆட வேண்டும். ஆம்பெக்ஸ் என்ற சின்ன கம்பெனியிடம் 50,000 டாலரைக் கொடுத்து, ஒலிநாடா மெஷின் செய்யுங்கள் என்றார். உலகத்தின் பெரிய கண்டுபிடிப்புகள் தேவையிலிருந்து பிறக்கின்றன என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். இது மட்டும் சோம்பலிலிருந்து பிறந்தது, கடைசிவரை தாய்க்கு விசுவாசமாகவும் இருந்தது.

அதே ஆம்பெக்ஸ் 1956 ஏப்ரலில் முதல் உருப்படியான வீடியோ ரெக்கார்டரைக் காட்டியது. நாடாவின் அகலம் 2 அங்குலம். சார்லஸ் கின்ஸ்பர்க் தலைமையில் அதைச் செய்த சிறு கூட்டத்தில் ரே டால்பி என்று ஓர் இளைஞரும் இருந்தார். பின்னாளில் சினிமா தியேட்டர் வாசலில் எல்லாம் தொங்கப் போகிற பெயர்தான். மெஷின் விலை? 50,000 டாலர். கிராஸ்பி கொடுத்த முதலும் அதேதான். ஆக, முதல் போட்டவரே கேட்டாலும் ஒரே ஒரு மெஷின்தான் தேறும்.

இதை வீட்டுக்குள் கொண்டுவர நடந்த முயற்சிகள் தனிக்கதை. 1963இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் டெல்கேன் என்று ஒன்றைச் செய்தார்கள். நாடா நொடிக்கு 10 அடி ஓடும், 20 நிமிடம் பதியும். படம் கறுப்பு வெள்ளை. சக்கரம் அந்த வேகத்தில் சுழல்வதைப் பார்த்தவன் நிகழ்ச்சியை மறந்திருப்பான். அதே ஆண்டு நீமன் மார்கஸ் என்ற பணக்காரக் கடையின் கிறிஸ்துமஸ் பட்டியலில் ஆம்பெக்ஸ் தன் வீட்டு மாடலைப் போட்டது. 30,000 டாலர், சுமார் 400 கிலோ. மெஷினோடு என்ஜினீயர் ஒருவரும் வந்து பூட்டிக்கொடுத்துவிட்டுப் போவார். யானை வாங்கினால் பாகன் இலவசம்.

1972இல் அமெரிக்காவில் கார்ட்ரிவிஷன் வந்தது. டி.வி.யிலிருந்து பதிந்துகொள்ளலாம், கடையிலிருந்து சினிமாவும் வாடகைக்கு எடுக்கலாம். வாடகைக் கேசட்டுக்குச் சிவப்பு நிறம். அதில் ஒரு விசேஷம்: வீட்டில் ரீவைண்ட் செய்ய முடியாது. படத்தை ஒருமுறை பார்த்து முடித்தால் கடைக்காரர்தான் பின்னோக்கிச் சுற்றித் தர வேண்டும். நடுவில் பாத்ரூம் போய்வந்தவன் விட்ட காட்சி விட்டதுதான். சினிமாக் கம்பெனிகளின் மனசுக்குப் பிடித்த மெஷின். வாங்குகிறவன் மனசை யாரும் கேட்கவில்லை. அடுத்த ஆண்டே கடையைக் கட்டினார்கள்.

புத்தகப் படலம்

இப்போது டோக்கியோ. சோனியின் மசாரு இபுக்கா தன் என்ஜினீயர் நொபுதோஷி கிஹாராவிடம் ஒரு சின்னப் புத்தகத்தைக் காட்டி, கேசட் இந்த அளவுக்கு இருக்க வேண்டும் என்றார். கம்பெனியின் பெரியவர் புத்தகத்தைக் காட்டினால் யாரும் 'எவ்வளவு நேரம் ஓட வேண்டும்?' என்று கேட்கமாட்டார்கள். அழகு முக்கியம். நாடாவைக் கொஞ்சமும் இடைவெளி விடாமல் அப்பி எழுதும் முறைக்கு, ஜப்பானியத் தூரிகைப் பூச்சைக் குறிக்கும் 'பீட்டா' என்ற சொல்லையே பெயராக வைத்தார்கள். நாடா மெஷினுக்குள் வளைந்து போகும் வழியும் கிரேக்க எழுத்து பீட்டா மாதிரி இருந்தது. பெயர்ப் பொருத்தம், நட்சத்திரப் பொருத்தம் எல்லாம் கூடிவந்த ஜாதகம். 1975 மே மாதம் ஜப்பானில் பிறந்தது. அந்த ஆண்டு நவம்பரில் அமெரிக்கா போனபோது ஒரு டிரினிட்ரான் டி.வி.யையும் தலையில் கட்டி 2,495 டாலருக்கு விற்றார்கள்.

கேசட் கைக்கு அடக்கமாக இருந்தது. 1 மணி நேரம் ஓடியது.

1 மணி நேரம். இந்த இடத்தில்தான் நாரதர் வீணையைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்கிறார்.

நீளப் படலம்

யோகோஹாமாவில் ஜே.வி.சி. கம்பெனியின் வீடியோப் பிரிவு நஷ்டத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அதன் தலைவர் ஷிசுவோ தக்கானோவும், யூமா ஷிராயிஷி என்ற என்ஜினீயரும் சிலரைச் சேர்த்துக்கொண்டு, தலைமையகத்துக்கு முழுசாகச் சொல்லாமல் ஒரு வேலை செய்தார்கள். மெஷினைச் செய்யுமுன் ஒரு பட்டியல் போட்டார்கள்: வீட்டில் ஏற்கெனவே இருக்கும் டி.வி.யோடு சேர வேண்டும். செய்வதும் பழுது பார்ப்பதும் சுலபமாக இருக்க வேண்டும். குறைந்தது 2 மணி நேரம் பதிய வேண்டும். மாமியார் வீட்டுச் சீர்வரிசைப் பட்டியல் மாதிரி, எதையும் விட்டுக்கொடுக்காத பட்டியல். 2 மணி நேரம் ஏன்? ஒரு சினிமா அவ்வளவு நேரம் ஓடும். இதைக் கண்டுபிடிக்க என்ஜினீயரிங் படித்திருக்க வேண்டாம், தியேட்டருக்குப் போயிருந்தால் போதும்.

1976 அக்டோபர் கடைசியில் வி.எச்.எஸ். விற்பனைக்கு வந்தது. கேசட் பீட்டாவைவிட 3 சென்டிமீட்டர் நீளம். அந்த 3 சென்டிமீட்டரில்தான் இந்தப் புராணத்தின் முடிவு அடங்கியிருந்தது. ஜே.வி.சி.யின் பெரும்பங்குக்காரரான மட்சுஷிட்டா கம்பெனி, எந்தக் கட்சி என்று முடிவு செய்ய வேண்டியிருந்தது. அதன் நிறுவனர் கொனோசுகே மட்சுஷிட்டாவுக்கு அப்போது 81 வயது. ஏற்கெனவே சோனி தன் மெஷினைக் கொண்டுவந்து காட்டி, நம்மோடு சேருங்கள் என்று கேட்டிருந்தது. பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் பதில் சொல்லாமல் இழுத்தடித்தால் என்ன அர்த்தமோ அதேதான் அங்கேயும். வேறு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அதுவும் சொந்தத்திலேயே.

சோனி விழித்துக்கொண்டது. 1977இல் நாடாவின் வேகத்தைப் பாதியாகக் குறைத்து, எங்களாலும் 2 மணி நேரம் முடியும் என்று வந்தது. வேகம் குறைந்தால் படத்தின் தரமும் குறையும். எந்தத் தரத்துக்காக உலகம் தன்னைத் தேடிவரும் என்று சோனி நம்பியதோ, அதையே வெட்டிச் சமையலில் போட வேண்டியதாயிற்று.

அதற்குள் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. கம்பெனிக்கு வேறு கவலை. அமெரிக்கக் கால்பந்து மேட்ச் 3 மணி நேரத்துக்கு மேல் போகும். பிற்காலத்தில் ஒரு செய்தித்தாள் கடிகாரம் வைத்துக் கணக்கெடுத்ததில், அதில் ஆட்டம் உண்மையில் நடப்பது சுமார் 11 நிமிடம். மிச்ச நேரமெல்லாம் நிற்பதும் கூடிக்கூடிப் பேசுவதும் விளம்பரமும். நாம் கல்யாண வீட்டில் தாலி கட்டுகிற நேரத்தையும் மண்டபத்தில் உட்கார்ந்திருக்கிற நேரத்தையும் கணக்குப் பார்த்தால் கிடைக்கிற விகிதம். ஆனாலும் முழுசும் பதிய வேண்டும். மட்சுஷிட்டா, ஜே.வி.சி. முகம் சுளித்ததைப் பொருட்படுத்தாமல், 4 மணி நேரம் ஓடும் வி.எச்.எஸ். செய்துகொடுத்தது. 1977 ஆகஸ்டில் ஆர்.சி.ஏ. அதை 1,000 டாலருக்கு இறக்கியது. படம் சுமார்தான். யார் கவலைப்பட்டார்கள்? நல்ல இட்லி 4 வேண்டுமா, சுமாரான இட்லி 16 வேண்டுமா என்று குடும்பஸ்தனைக் கேட்டால் என்ன சொல்வான்?

சோனி அதன்பின்னும் விடவில்லை. 1984 ஜனவரியில் ஜப்பானிய நாளிதழ்களில் நான்கு நாள் தொடர் விளம்பரம் கொடுத்தது. முதல் நாள் கேள்வி: பீட்டாமேக்ஸ் இல்லாமல் போய்விடுமா? கடைசி நாளில், 'போகாது, இனிமேல்தான் சுவாரஸ்யமே' என்று பதில். நாலு நாள் பேப்பரையும் சேர்த்துவைத்துப் படிக்கிறவன் எந்த ஊரில் இருக்கிறான்? முதல் நாள் பேப்பரைப் பார்த்த ஜனங்கள், 'அடடா, போகப் போகிறதாமே' என்று வி.எச்.எஸ். கடைப்பக்கம் நடந்தார்கள். தன் சாவுச் செய்தியைத் தானே காசு கொடுத்துப் போட்ட கம்பெனி வேறு இருக்கிறதா தெரியவில்லை. 1988இல் சோனியே வி.எச்.எஸ். மெஷின் செய்து விற்க ஆரம்பித்தது.

வழக்குப் படலம்

இரண்டு கட்சியும் அடித்துக்கொண்டிருந்தபோது ஹாலிவுட் இரண்டையும் சேர்த்து அடிக்கப் புறப்பட்டது. காரணம் ஒரு விளம்பரம். அமெரிக்காவில் கோஜாக், கொலம்போ என்று இரண்டு துப்பறியும் தொடர்கள். ஒன்றைப் பார்த்தால் மற்றது போய்விடுமே என்ற கவலை இனி வேண்டாம், எங்கள் மெஷினில் பதிந்துகொள்ளுங்கள் என்று சோனி சார்பில் விளம்பர நகல் தயாரித்தார்கள். இரண்டு தொடரும் யுனிவர்சல் கம்பெனியுடையவை. பக்கத்து வீட்டு மாங்காயைப் பறிக்க எங்கள் தொரட்டி நல்லது என்று, அந்த வீட்டுக்காரரிடமே கொண்டுபோய்க் காட்டினால் என்ன நடக்கும்? யுனிவர்சலும் டிஸ்னியும் 1976 நவம்பரில் லாஸ் ஏஞ்சலீஸில் வழக்குப் போட்டன.

கீழ்க்கோர்ட்டில் 1979இல் சோனி ஜெயித்தது. மேல்முறையீட்டில் 1981இல் தோற்றது. 1982இல் சினிமாக் கம்பெனிகளின் சங்கத் தலைவர் ஜாக் வாலண்டி நாடாளுமன்றக் குழு முன் போய், வீட்டில் தனியாக இருக்கும் பெண்ணுக்குப் பாஸ்டன் நகரத்துக் கழுத்துநெரிக்கும் கொலைகாரன் எப்படியோ, அப்படித்தான் சினிமாவுக்கு இந்த வீடியோ மெஷின் என்று முழங்கினார். எங்கள் வீட்டு டெக்கை நினைத்துப் பார்த்தேன். அதன் மேல் பாட்டி குரோஷாவில் பின்னிய விரிப்பு, அதற்கு மேல் ஒரு பிளாஸ்டிக் ரோஜா. கொலைகாரன் நல்ல மாறுவேடத்தில்தான் இருந்திருக்கிறான்.

1984 ஜனவரி 17, அமெரிக்க உச்ச நீதிமன்றம். ஐந்துக்கு நான்கு. ஒரே ஒரு நீதிபதியின் வித்தியாசத்தில், ஒரு நிகழ்ச்சியைப் பதிந்துவைத்து வேறு நேரத்தில் பார்ப்பது குற்றமில்லை என்று தீர்ப்பு. குழந்தைகள் நிகழ்ச்சி நடத்திய ஃபிரெட் ரோஜர்ஸ், குடும்பங்கள் என் நிகழ்ச்சியைப் பதிந்து பார்ப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை என்று சொன்ன சாட்சியம் தீர்ப்பிலேயே இடம்பெற்றது. ஏழு வருஷத்துக்கு மேல் காசைக் கொட்டி வழக்காடிச் சோனி வென்றது. வென்ற உரிமையை அதிகமாக அனுபவித்தது வி.எச்.எஸ். வாங்கியவர்கள். தோற்ற சினிமாக் கம்பெனிகளோ பிறகு கேசட் விற்றே கல்லாவை நிரப்பிக்கொண்டன. இந்த வழக்கில் உண்மையில் நஷ்டப்பட்டது ஜெயித்தவர்தான்.

சுங்கப் படலம்

ஐரோப்பாவில் பிலிப்ஸும் கிரண்டிகும் சேர்ந்து 1979இல் வீடியோ 2000 என்று மூன்றாவது கட்சி ஆரம்பித்தார்கள். கேசட்டைத் திருப்பிப் போடலாம், பக்கத்துக்கு 4 மணி நேரமாக மொத்தம் 8 மணி நேரம். பந்தி முடிந்து இலை எடுத்தபின் வந்து சேர்ந்த வடை பாயசம்.

பிரெஞ்சுக்காரர்கள் வேறு வழி யோசித்தார்கள். 1982 அக்டோபரில் ஓர் உத்தரவு: பிரான்சுக்குள் வரும் வெளிநாட்டு வீடியோ மெஷின்கள் எல்லாம் புவாத்தியே என்ற ஊர்ச் சுங்கச்சாவடி வழியாகவே வர வேண்டும். அது கடற்கரை ஊர் இல்லை. உள்நாட்டில் இருக்கும் சின்ன ஊர். சுங்க அதிகாரிகள் விரல்விட்டு எண்ணும் அளவு. அவர்கள் பெட்டி பெட்டியாகப் பிரித்து, காகிதம் பிரெஞ்சில் இருக்கிறதா என்று பார்த்து, மறுபடி மூடுவார்கள். சென்னைத் துறைமுகத்தில் இறங்கிய சரக்கையெல்லாம் மணப்பாறைக்கு அனுப்பி, அங்கே மதியச் சாப்பாட்டுக்குப் போயிருக்கும் ஒரு குமாஸ்தாவின் கையெழுத்துக்குக் காத்திருக்கச் சொன்ன மாதிரி. 732ஆம் ஆண்டு அரபுப் படையைச் சார்ல் மார்த்தெல் தடுத்து நிறுத்தியது இதே ஊர்ப் பக்கத்தில்தான் என்று பிரெஞ்சுப் பிள்ளைகள் படிக்கிறார்கள். அவர் வாளால் செய்ததை இவர்கள் ரப்பர் ஸ்டாம்பால் செய்தார்கள். அடுத்த வசந்தத்தில் உத்தரவு விலகியது.

கடிகாரப் படலம்

எல்லாத் தடையும் தாண்டி மெஷின் வீட்டுக்கு வந்தது. இனி எந்த நேரத்துக்கும் அடிமை இல்லை, டைமரை வைத்துவிட்டு ஊர் சுற்றலாம் என்று அர்த்தம். அதற்குக் கடிகாரத்தைச் சரியாக வைக்க வேண்டும். அமெரிக்காவில் கோடிக்கணக்கான வீடுகளில் அது 12:00 என்றே மின்னிக்கொண்டிருந்ததைப் பற்றி அந்த நாட்டில் ஜோக்குகளே ஒரு தனி இலக்கியம்.

எங்கள் வீட்டில் கடிகாரம் தினம் ஒருமுறை சரி செய்யப்பட்டது. கரண்ட் தினம் ஒருமுறை போனது. கரண்ட் போய் வந்தால் டெக்குக்கு நேற்று இன்று நாளை எதுவும் நினைவிருக்காது, சித்தர் நிலை. ஒரு வெள்ளிக்கிழமை, மாமா மூன்று நாளாகப் புத்தகத்தைப் படித்து, டி.வி. பாட்டு நிகழ்ச்சியான 'ஒலியும் ஒளியும்' பதிய டைமர் வைத்தார். எல்லோரும் நாகேஸ்வரன் கோயிலுக்குக் கிளம்ப வேண்டியது. யாரும் நகரவில்லை. மெஷின் தானாகப் பதிகிறதா என்று பார்க்க வேண்டாமா? பாட்டி, அத்தை, தெருப் பிள்ளைகள் என்று பதினெட்டுப் பேர் டெக்குக்கு முன்னால் உட்கார்ந்தோம். நேரம் வந்தது. 'டக்' என்று சத்தம், சிவப்பு விளக்கு. கைதட்டினோம். முதல் பாட்டு முடியுமுன் கரண்ட் போனது. எந்த நிகழ்ச்சிக்காக வீட்டில் இருக்க வேண்டாம் என்று இந்த மெஷினை வாங்கினோமோ, அந்த நிகழ்ச்சியை வீட்டில் இருந்தபடியே இருட்டில் தவறவிட்டோம்.

பலன்

புராணம் என்றால் முடிவில் கேட்டவர்க்குக் கிடைக்கும் பலன் சொல்ல வேண்டும். 2016 மார்ச்சில் சோனி பீட்டா கேசட் தயாரிப்பை நிறுத்தியது. அதே ஆண்டு ஜூலையில், கடைசிவரை வி.எச்.எஸ். மெஷின் செய்துகொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் கம்பெனியும் நிறுத்தியது. நாற்பது வருஷம் முறைத்துக்கொண்ட பங்காளிகள் ஒரே வருஷத்தில் போய்ச்சேர்ந்தார்கள், திவசம் பக்கம் பக்கம் வரும்.

சென்ற பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். வாத்தியார் இருக்கிறார், காது மட்டும் கொஞ்சம் மந்தம். அவர் டெக்கைப் பழைய சாமான்காரன் எப்போதோ எடுத்துப்போய்விட்டான். ஆறு கேசட்டும் பிளாஸ்டிக் உறை கிழியாமல் பீரோவில் இருக்கின்றன. ஊரில் வேறு யாரிடமும் பீட்டா இல்லாததால் யாரும் அவரிடம் இரவல் கேட்டதே இல்லை. எங்கள் வீட்டிலோ டெக் குரோஷா விரிப்போடு அப்படியே இருக்கிறது. கேசட் ஒன்றுகூட இல்லை. ஜெயித்த கட்சி என்பதால் தெருவே இரவல் வாங்கிப்போனது, எதுவும் திரும்பவில்லை.

"ரெண்டு வீட்டுல இருக்கறதையும் சேர்த்தா ஒரு படம் பார்க்கலாமே சார்" என்றேன் சத்தமாக.

வாத்தியார் ஒரு கேசட்டை எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்து வந்தார். எங்கள் டெக்கின் வாயில் வைத்தார். உள்ளே போய் ஆடியது.

"சொன்னேனே தம்பி" என்றார், ரொம்பத் திருப்தியாக.